தராசு ஒன்று சொல்கிறது, டேப் ஒன்று சொல்கிறது

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். எடை குறைக்க ஆரம்பித்தவர்கள், குறைகிறதா இல்லையா என்று தெரியாமல் தவிக்கிறார்கள். கையில் வெயிட் மெஷின், வாட்ச், ஆப், டேப் எல்லாம் இருக்கிறது. ஒன்று சொல்வதை இன்னொன்று ஒப்புக்கொள்வதில்லை. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டி முகத்தைத் தொங்கப்போட்டால் நான் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கருவி உண்மையில் எதைத் தொட்டு அளந்தது? கீழே உள்ள பதில்களிலும் அதையேதான் கேட்கப்போகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் எழுதியிருந்ததால் எல்லோருக்கும் புனைபெயர் வைத்துவிட்டேன்.

மேடம், தினமும் காலையில் எடை பார்க்கிறேன். போன வாரம் ஒருநாள் 77.8 கிலோ, மறுநாள் 79. சாப்பாட்டில் கொஞ்சம் உப்பு தூக்கல், அவ்வளவுதான். மற்றபடி ஒழுங்காகத்தான் இருந்தேன். ஒரே ராத்திரியில் 1.2 கிலோ எப்படி ஏறும்? இரண்டு வார எடையையும் கீழே எழுதியிருக்கிறேன். டயட்டையே விட்டுவிடலாமா என்று வெறுப்பாக இருக்கிறது.
– தினம் ஏறி இறங்குபவர்

விடாதீர்கள், முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. 1.2 கிலோ கொழுப்பு ஒரே ராத்திரியில் சேர வேண்டுமென்றால், உங்கள் அன்றாடச் செலவு போக 9,000 கலோரிக்கு மேல் உள்ளே போயிருக்க வேண்டும். நான்கு நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டாலும் அவ்வளவு தேறுவது கஷ்டம். ஆகவே ஏறியது கொழுப்பு இல்லை. அந்த மட்டில் நிம்மதியாக இருங்கள்.

அப்புறம் ஏறியது என்ன? பெரும்பாலும் தண்ணீர். உப்பு அதிகமானால் அதற்கு ஈடாக உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் விட்டுவிடும். மாவுச்சத்துக்கும் இதே கதைதான். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்படும் மாவுச்சத்துக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். பெரியவர்கள் உடம்பில் ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே வைத்திருக்கும். மாவுச்சத்தை அடியோடு குறைத்தால் முதல் வாரத்தில் இந்தக் கிளைக்கோஜனும் தண்ணீரும் சேர்ந்து இறங்கும். 'ஏழே நாளில் இத்தனை கிலோ' என்று விளம்பரம் செய்கிறவர்களின் ரகசியம் இதுதான். திரும்ப வழக்கமாகச் சாப்பிட ஆரம்பித்ததும் அது அப்படியே திரும்பி வரும். அப்போது விளம்பரம் செய்தவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

இவை போக, வயிற்றிலும் குடலிலும் இன்னும் செரிக்காமல் இருப்பது, மலச்சிக்கல், முந்தைய நாள் கடுமையான பயிற்சியால் வீங்கி வலிக்கும் தசைகள், எல்லாமே தராசில் ஏறி நிற்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன்னால் உடம்பில் நீர் தேங்கி எடை கூடுவது சகஜம். அவர்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதச் சுழற்சியில் இதே கட்டத்தோடு ஒப்பிட்டால்தான் நியாயமான பதில் கிடைக்கும்.

நீங்கள் அனுப்பியதை இப்போது சேர்ந்து பார்க்கலாம். முதல் வாரம்: 78.4, 77.9, 78.6, 78.1, 77.8, 79.0, 78.3. இரண்டாவது வாரம்: 78.5, 77.6, 77.9, 77.4, 78.2, 77.7, 77.9. முதல் வாரத்துத் திங்கள் 78.4, அடுத்த திங்கள் 78.5. திங்கள்கிழமை மட்டும் எடை பார்க்கிற ஆளாக இருந்திருந்தால் 'ஒரு வாரம் பட்டினி கிடந்து 100 கிராம் ஏறியிருக்கிறேன்' என்று எழுதியிருப்பீர்கள். ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்துப் பாருங்கள். முதல் வாரச் சராசரி 78.3, இரண்டாவது வாரம் 77.9. ஒரே வாரத்தில் 400 கிராம் இறங்கியிருக்கிறது. நிதானமான, நல்ல வேகம்.

காலையில் கழிப்பறை போய்வந்த பின், எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில், கெட்டியான தரையில் மெஷினை வைத்து ஏறுங்கள். எண்ணை எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சராசரி போட்டு அதை மட்டும் பாருங்கள். அந்தச் சராசரி மூன்று நான்கு வாரம் அசையாமல் நின்றால் அப்போது எழுதுங்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம்.

கோச், வீட்டில் ஸ்மார்ட் ஸ்கேல் வாங்கினேன். காலையில் பாடி ஃபேட் 31 சதவீதம் என்றது. ஜிம் முடித்து வந்து ஏறினால் 28. ஜிம்மில் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரிய மெஷினில் 26. இதில் எது நிஜம்? கூடவே என் உடம்பின் வயது 47 என்றும் சொல்கிறது. எனக்கு 36தான்!
– மூன்று சதவீதக்காரர்

மூன்றுமே நிஜம் இல்லை, தம்பி. மூன்றும் ஊகம். மெஷின்மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை, அது வேலை செய்யும் விதமே அப்படி.

வெறுங்காலோடு ஏறி நிற்கும்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மிகச் சிறிய மின்சாரம் போகிறது; நமக்கு உறைக்காது. தண்ணீரும் உப்பும் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதில் விடும், கொழுப்பு விடாது. எவ்வளவு தடை வருகிறது என்பதைத்தான் மெஷின் அளக்கிறது. அந்தத் தடையோடு நீங்கள் பதிந்து கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்பது, எடை எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, உடம்பில் தண்ணீர் இவ்வளவு இருக்கலாம், கொழுப்பில்லாத பகுதியில் ஏறக்குறைய 73 சதவீதம் தண்ணீர் என்பதால் அது இவ்வளவு இருக்கலாம், மிச்சம் கொழுப்பு என்று சொல்லிவிடுகிறது. வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி உள்ளே எத்தனை பேர் என்று சொல்வது மாதிரி. பல சமயம் கிட்டத்தட்ட சரியாக வரும். ஒருவர் வெறுங்காலோடு வந்திருந்தால் கணக்கு உதைக்கும்.

காலில் மட்டும் தொடும் மெஷினில் மின்சாரம் பெரும்பாலும் இரண்டு கால்களின் வழியாகப் போய் வந்துவிடும். தொப்பை பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் நம் கவலை முழுக்க தொப்பையில்தானே இருக்கிறது? கையிலும் பிடிக்கும் மெஷின் உடம்பின் நடுப்பகுதி வழியாகவும் மின்சாரத்தைச் செலுத்துகிறது, ஓரளவு மேல். இரண்டின் சூத்திரமும் வேறு வேறு என்பதால் அதன் 26-ஐயும் இதன் 31-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பயிற்சி முடிந்ததும் 28 ஆனதற்குக் காரணம், தோல் சூடாகி இரத்த ஓட்டம் கூடியிருந்தது, தடை குறைந்தது, 'ஓ, தசை அதிகம் போலிருக்கிறது' என்று மெஷின் முடிவு செய்துவிட்டது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உடம்பு வறண்டு கிடந்தால் இதற்கு நேர்மாறாக, கொழுப்பு கூடிவிட்டதாகக் காட்டும்.

சந்தேகம் இருந்தால் இன்று மாலை ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் ஆப்பில் 'விளையாட்டு வீரர்' என்று ஒரு அமைப்பு இருக்கிறதா பாருங்கள். ஏறி நின்று எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த அமைப்பை மாற்றிவிட்டு உடனே மறுபடி ஏறுங்கள். அதே கால், அதே மின்சாரம், அதே ஆள். கொழுப்பு சதவீதம் மட்டும் சட்டென்று இறங்கும். நடுவில் நீங்கள் செய்த உடற்பயிற்சி விரலால் திரையைத் தொட்டது மட்டும்.

தூக்கிப் போடச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், எப்போதும் ஒரே அமைப்பில் பார்த்து வாருங்கள். இரண்டு மாதத்தில் 31 என்பது 28 ஆனால், அந்த 31-உம் 28-உம் தனித்தனியாகத் தப்பாக இருந்தாலும், இறங்கியிருக்கிறது என்பதை ஓரளவு நம்பலாம். வாரத்துக்கு வாரம் அரை சதவீதம் ஏறியது இறங்கியது என்று பார்ப்பது வீண் வேலை. உடம்பின் வயது என்பதை விட்டுவிடுங்கள். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் ஒரு கணக்கு, மருத்துவப் பரிசோதனை அல்ல.

படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: இதயத்தில் பேஸ்மேக்கர் மாதிரி கருவி பொருத்தியவர்கள் இந்த வகை மெஷினில் ஏறக்கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்க்கும்படிதான் தயாரிப்பாளர்களே எழுதியிருப்பார்கள்.

அக்கா, இரண்டு மாதமாக வெயிட் தூக்கிப் பழகுகிறேன். எடை அப்படியே இருக்கிறது. ஆனால் பேன்ட் இடுப்பில் லூஸ். கொழுப்பு தசையாக மாறிவிட்டதா?
– பெல்ட்டில் புது ஓட்டை

கொழுப்பு தசையாக மாறாது. இரண்டும் வேறு வேறு திசு. ஒன்று குறைந்திருக்கிறது, இன்னொன்று கூடியிருக்கிறது, கூட்டிக் கழித்தால் தராசில் சமமாக நிற்கிறது. புதிதாகப் பயிற்சி ஆரம்பித்தவர்களுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பது சாதாரணம்.

கொழுப்பு என்று ஒரு பெரிய மஞ்சள் உருண்டையையும் தசை என்று ஒரு குட்டிச் சிவப்பு உருண்டையையும் பக்கத்தில் வைத்து, 'இரண்டும் ஒரே எடை' என்று போடும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை நம்பவேண்டாம். கொழுப்பின் அடர்த்தி லிட்டருக்கு ஏறக்குறைய 0.9 கிலோ, தசை 1.06 கிலோ. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 1.1 லிட்டர் இடம் பிடிக்கும், தசை 0.94 லிட்டர். வித்தியாசம் உண்டு, ஆனால் அந்தப் படத்தில் இருப்பதுபோல் யானையும் பூனையும் அல்ல. உங்கள் பேன்ட் லூசானதற்கு முக்கியக் காரணம், போனது இடுப்பிலிருந்து, வந்தது தொடையிலும் தோளிலும் முதுகிலும். தொடைப் பக்கம் பேன்ட் கொஞ்சம் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

நானும் கணவரும் சேர்ந்து எடை குறைக்கிறோம். டேப்பில் இடுப்பை அளந்தால் ஒவ்வொரு தடவையும் 3 சென்டிமீட்டர் மாறுகிறது. நான் இழுத்துப் பிடிக்கிறேன் என்று அவர் சொல்கிறார். அவர் வயிற்றை உள்ளே இழுக்கிறார் என்று நான் சொல்கிறேன். யார் சொல்வது சரி? இடுப்பு எவ்வளவு வரை இருக்கலாம்?
– டேப்பும் கையுமாக ஒருத்தி

இருவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டேப் எனக்குப் பிடித்த கருவி. கொழுப்பு என்று எதையும் ஊகிக்காமல் சுற்றளவை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். ஆனால் எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டையைத் தூக்கி வெறும் தோலில் அளக்க வேண்டும். பக்கவாட்டில் விரலால் அழுத்தித் தேடினால் கடைசி விலா எலும்பு தட்டுப்படும். கீழே இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடம் இதுதான். பலர் தொப்புளில் வைத்து அளக்கிறார்கள். தொப்பை சரிய ஆரம்பித்தால் தொப்புளும் கூடவே சரியும், அதனால் எடை குறையக் குறைய அளக்கும் இடமே மாறிவிடும். பேன்ட்டில் அளவு என்று எழுதியிருக்கும் எண்ணையும் நம்பவேண்டாம், அது கம்பெனியின் அன்பு.

டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பதைக் கண்ணாடியில் பாருங்கள். முதுகுப் பக்கம் நழுவுவதுதான் வழக்கமான தப்பு. கால்களைச் சேர்த்து நின்று, இயல்பாக மூச்சை விட்டு, விட்ட கடைசியில் படியுங்கள். உங்கள் கணவரை அந்த நேரத்தில் ஏதாவது ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே வயிற்றை எக்கிப் பிடிப்பது லேசில் வராது. டேப் தோலைத் தொட வேண்டும், பள்ளம் விழும்படி அழுத்தக்கூடாது. இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். இரண்டுக்கும் 1 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டையும் தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். பழைய துணி டேப் நாளடைவில் நீண்டுபோகும், ஒரு ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

எவ்வளவு இருக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தெற்காசிய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு. இன்னும் எளிய கணக்கு, இடுப்பளவு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டாமல் இருப்பது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவிடுகிறது. வீட்டில் அதை மோப்பம் பிடிக்க இருப்பதில் டேப்தான் சிறந்தது.

வாட்சில் 600 கலோரி எரித்ததாகக் காட்டினால், அன்று 600 கலோரி கூடச் சாப்பிடலாமா?
– கணக்குப்பிள்ளை

வேண்டாம். வாட்ச் தொடுவது மணிக்கட்டின் அசைவையும் நாடித்துடிப்பையும்தான். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். துடிப்பை ஆறு கருவிகள் நன்றாகவே அளந்தன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தப்பியது. கருவிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கலாம். எரித்ததைக் கூப்பனாக நினைத்துச் சாப்பிடும் பழக்கம் மாறவில்லை.

வணக்கம் அம்மா. எனக்கு 67 வயது. டாக்டர் எடை குறைக்கச் சொன்னார். சாப்பாட்டைப் பாதியாக்கி, தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். நான்கு மாதத்தில் 8 கிலோ குறைந்து 74 ஆகிவிட்டது. பார்ப்பவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் மாடிப்படி ஏற முன்பைவிட இப்போதுதான் சிரமமாக இருக்கிறது. தாழ்வான நாற்காலியிலிருந்து கையை ஊன்றித்தான் எழுகிறேன். எடை குறைந்தால் சுலபமாகத்தானே ஆக வேண்டும்?
– படிக்கட்டுத் தாத்தா

ஐயா, இந்த மாதம் வந்ததில் முக்கியமான கடிதம் உங்களுடையது. முதலில் இதை உங்கள் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். 82 கிலோவில் 8 கிலோ என்பது பத்தில் ஒரு பங்கு. நீங்கள் முயன்றுதான் குறைத்தீர்கள் என்றாலும், அதோடு பலவீனமும் வந்தால் இரத்தசோகை, தைராய்டு போன்றவை இல்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

அவையெல்லாம் சரியாக இருந்தால், நடந்தது என்னவென்று என்னால் ஊகிக்க முடிகிறது. எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை. போகும் எடையில் கால்பங்கு அளவுக்குக் கொழுப்பல்லாத திசுவாக இருப்பது சாதாரணம். சாப்பாட்டைத் திடீரென்று பாதியாக்கி, புரதமும் குறைந்து, தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் இல்லையென்றால் அந்தப் பங்கு கூடும். வயதானால் தசை தானாகவே குறைந்துகொண்டு வரும். அதன்மேல் இதுவும் சேர்ந்தால் படிக்கட்டுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். தராசுக்கு இது எதுவும் தெரியாது. தசை 2 கிலோ போனாலும் கொழுப்பு 2 கிலோ போனாலும் அதற்கு ஒன்றுதான்.

2017-இல் வந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 65 வயதைத் தாண்டிய, உடல் பருமன் உள்ளவர்களை எடை குறைக்க வைத்தார்கள். நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லா எடை 5 சதவீதம் போனது. பளு தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு 2 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 3 சதவீதம். அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் அதிக முன்னேற்றம் கண்டவர்களும் இவர்கள்தான். ஆகவே நடையை விடவேண்டாம், அதோடு இதையும் சேருங்கள்.

உங்களுக்கான அளவுகோல் தராசு அல்ல, நாற்காலி. கை வைக்காத, சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் வீட்டார் ஒருவர் கட்டாயம் நிற்கட்டும். தலைசுற்றினாலோ நெஞ்சு அடைத்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். 65 முதல் 69 வயது வரையுள்ள ஆண்கள் 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்கும் குறைவு என்று வைத்திருக்கிறார்கள். கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை இதைச் செய்து தேதியோடு குறித்து வையுங்கள்.

அப்புறம், இதுவே உங்கள் பயிற்சியும்கூட. ஆரம்பத்தில் இருக்கையில் ஒரு மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டு, மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக்கூடாது. பலம் வர வர மெத்தையை எடுத்துவிடலாம். சுவரில் கை வைத்துத் தள்ளும் புஷ்-அப்பும் சேர்த்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தால் தொடக்கத்துக்குப் போதும். சாப்பாட்டில் எதைக் குறைத்தாலும் புரதத்தைக் குறைக்காதீர்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மட்டும் எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எடை இனி மெதுவாகக் குறையட்டும், அல்லது சில மாதம் இப்படியே நிற்கட்டும்.

டெக்ஸா ஸ்கேன் எடுத்தேன். மாவுச்சத்தை நிறுத்தி மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்தால் 'லீன்' ஒன்றரை கிலோ குறைந்திருக்கிறது. தசை எல்லாம் போய்விட்டதா?
– ரிப்போர்ட்டும் கண்ணீரும்

பெரும்பாலும் இல்லை. டெக்ஸா என்பது எலும்பு அடர்த்தி பார்க்கும் அதே கருவி. இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி, எது எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை வைத்து எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரிக்கும். கதிர்வீச்சு மிகக் குறைவு. நமக்கு எட்டும் கருவிகளில் நம்பகமானது என்று இதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த 'லீன்' என்ற கட்டத்தில் தசை மட்டும் இல்லை. ஈரல், குடல் போன்ற உறுப்புகள், தண்ணீர், கிளைக்கோஜன் எல்லாம் அதில்தான் சேரும். முதல் கேள்விக்குச் சொன்ன கணக்கை நினைவில் கொள்ளுங்கள்: மாவுச்சத்தை நிறுத்தினால் அரை கிலோ கிளைக்கோஜனில் பெரும்பகுதியும் அதோடு சேர்ந்த தண்ணீரும் போகும். ஒன்றரை கிலோ அதிலேயே வந்துவிடும். ஸ்குவாட்டில், அதாவது எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சியில், தூக்கும் எடை குறைந்ததா என்பதைப் பாருங்கள். குறையவில்லையென்றால் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். அடுத்த ஸ்கேனை மூன்று நான்கு மாதம் கழித்து, அதே மெஷினில், அதே மாதிரி வெறும் வயிற்றில் எடுங்கள்.

எடை, இடுப்பு எல்லாம் சரி. நான் ஃபிட் ஆகிறேனா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?
– மூச்சு வாங்குபவர்

காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன்பே, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடத் துடிப்பை எண்ணுங்கள். சில மாதப் பயிற்சியில் இது மெல்ல இறங்குவது நல்ல அறிகுறி. இரத்த அழுத்தத்துக்குத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இன்னொன்று, வேகமாக நடந்தோ ஓடியோ நிறுத்தியதும் துடிப்பைப் பாருங்கள், சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. 1999-இல் வெளியான ஒரு ஆய்வு, 12 துடிப்போ அதற்கும் குறைவாகவோ இறங்குவதை எச்சரிக்கை எல்லையாக வைத்தது. உங்களுக்கு அப்படி இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது ஒரு சாதாரண நோட்டு. ஒரே பாதை, ஒரே தூரம், எத்தனை நிமிடம், நடுவில் பேச முடிந்ததா. டம்பெல் எத்தனை கிலோ, எத்தனை முறை. என்னிடம் வரும் ஒருவரின் நோட்டில் 'இன்று 8, கடைசி இரண்டும் நடுங்கிற்று' என்று ஒரு வரி இருக்கும். சில பக்கம் தள்ளி அதே எடைக்கு '12, நடுக்கம் இல்லை'. இதைச் சொல்ல எந்த சென்சாரும் வேண்டியதில்லை.

அக்கா, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை எடை பார்க்கிறேன். தண்ணீர் குடித்தால்கூட ஏறிப் பார்க்கத் தோன்றுகிறது. 100 கிராம் கூடினால் அடுத்த வேளை சாப்பிடுவதில்லை. இரண்டு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. எல்லோரும் ஒல்லியாகிவிட்டாய் என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இன்னும் எவ்வளவு குறைக்கலாம்?
– கண்ணாடி முன்னால்

குறைக்க வேண்டாம், கண்ணா. உங்கள் கேள்விக்கு நான் எண் எதுவும் தரப்போவதில்லை.

நான்கு விஷயத்தை நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள்: ஓயாமல் பார்ப்பது, பயந்து சாப்பாட்டை விடுவது, மாதவிடாய் நின்றது, மற்றவர் கண்ணுக்குத் தெரிவது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. நான்கும் சேர்ந்து வந்தால் ஜிம் டிரெயினரிடம் வரக்கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். இந்த வாரமே போங்கள். கர்ப்பம், தைராய்டு போன்ற வேறு காரணங்களையும் அவர் பார்ப்பார். உடம்புக்குப் போதிய ஆற்றல் கிடைக்காதபோது மாதவிடாயை நிறுத்திவைப்பது அது செய்யும் தற்காப்பு. நீடித்தால் எலும்பு தேயும். பெண் உடம்பு சரியாக இயங்கவே 12 சதவீதம் அளவுக்குக் கொழுப்பு தேவை. அது வேண்டாத சுமை அல்ல. சாப்பாட்டைப் பற்றிய பயத்துக்கு மனநல நிபுணர்கள் நல்ல சிகிச்சை தருகிறார்கள், அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

அதுவரை மெஷினை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எங்கே வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். அம்மாவிடமோ நெருங்கிய தோழியிடமோ இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதியதை அப்படியே படித்துக் காட்டுங்கள். டாக்டரைப் பார்த்த பிறகு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். பத்திரிகையில் போடமாட்டேன்.

உயரம் 164 செ.மீ., எடை 64 கிலோ, இடுப்பு 84 செ.மீ. பி.எம்.ஐ. 23.8 வருகிறது. ஒரு அட்டவணையில் நான் பச்சை, இன்னொன்றில் மஞ்சள். எதை நம்புவது?
– இரண்டு நிறத்தாள்

பி.எம்.ஐ. என்பது கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். அது தொடுவது உயரத்தையும் எடையையும் மட்டும். 1832-இல் கெட்லே என்ற பெல்ஜியக் கணித அறிஞர் மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராய்ந்தபோது கிடைத்த விகிதம் அது. இந்தப் பெயரே 1972-இல்தான் வந்தது. தனி ஆளின் கொழுப்பைச் சொல்ல அவர் அதை உருவாக்கவில்லை. பச்சை அட்டவணை 25-ஐ எல்லையாக வைத்தது. ஆசிய மக்களுக்கு அதற்கு முன்பே சர்க்கரை, இதய நோய் ஆபத்து தொடங்கிவிடுகிறது என்பதால் 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகச் சேர்த்தது. மஞ்சள் அதிலிருந்து வந்தது.

உங்கள் விஷயத்தில் இடுப்பளவே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. உயரத்தில் பாதி 82, நீங்கள் 84. பெண்களுக்கான 80-ஐயும் தாண்டியாயிற்று. மஞ்சளை வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு, 3 கிலோ குறைக்கும் திட்டத்தோடு ஆரம்பியுங்கள். எடைக்கு முன்னால் டேப் இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.